வெளியூர் ஆட்டத்தில் ஒரு ‘வுடு’

கால்பந்தாட்ட மைதானத்தில் இருபத்திரண்டு பேர் இறங்கினாலும், ஊர்ச்சனத்தை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வேலை பார்க்கிறவர்கள் இரண்டே பேர்தான், இரண்டு பக்கத்துக் கோல் கீப்பர்கள். அதில் ஒருவனாக நான் சில வருஷம் காலம் தள்ளினேன். மேலதிகாரி நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்க டைப் அடித்தவர்கள், மாமியார் பின்னால் நிற்க ரசம் தாளித்தவர்கள், இன்ஸ்பெக்டர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கப் பாடம் நடத்தியவர்கள், எல்லோரும் கொஞ்சம் நகர்ந்து எனக்கும் இடம் கொடுங்கள். நாமெல்லாம் ஒரே கட்சி.

பலகை

ஆந்திர எல்லையில் சத்தியவேடு பக்கம் பிளாஸ்டிக் குழாய் செய்யும் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. பெயருக்குப் பேக்கிங் பிரிவு. உண்மையில் பந்து பிடிக்கத்தான் எடுத்தார்கள். பழைய முதலாளிக்குக் கால்பந்தாட்டப் பைத்தியம். நாட்டின் கதவைத் திறந்துவிட்டோம் என்று பேப்பரில் போட்ட பிறகு, திறந்த கதவு வழியாக எங்கள் கம்பெனிக்கு ஒரு வெளிநாட்டுக் கூட்டாளி வந்தார். அவரோடு ஆளில்லாமல் ஓடும் மிஷின்களும், அவற்றுக்குப் பின்னாலேயே மெட்ராஸிலிருந்து சேஷாத்ரி என்ற பர்சனல் மேனேஜரும் வந்தார்கள். அவர் வந்ததும் செய்த முதல் காரியம், கேன்டீன் சுவரில் ஒரு பலகையை மாட்டி அதில் இரண்டு கட்டம் போட்டதுதான். ஒன்று உள்ளூர், இன்னொன்று வெளியூர். உள்ளூர்க் கட்டத்தில் எல்லாம் வெற்றி. வெளியூர்க் கட்டத்தில் போன வருஷம் முழுக்கத் தோல்வி.

“கம்பெனி பேரை நெஞ்சுல எழுதிட்டு ஊர் ஊராப் போய் உதை வாங்கிட்டு வர்றீங்க. இந்த வருஷம் வெளியூர்ல ஒண்ணாவது ஜெயிக்கணும். இல்லேன்னா டீம் கிடையாது. டீமுக்காக எடுத்த ஆளுங்களும் கிடையாது” என்றார். என் பக்கத்தில் நின்ற முனிரத்தினத்துக்கு முகம் வெளுத்துவிட்டது. அவன் எங்கள் பேக், எனக்கு முன்னால் நின்று காவல் காக்கிறவன். பெண் குழந்தை பிறந்து தொட்டில் கட்டியிருந்த நேரம். நான் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, எங்கள் லீகில் ஒரு டீமோடு ஒரு தடவைதான் ஆட்டம், பெரிய டீமெல்லாம் எங்களுக்கு வெளியூரில் விழுகிறது, சின்ன டீமெல்லாம் எங்கள் ஊருக்கு வருகிறது, அதனால்தான் பலகை இப்படி இருக்கிறது என்று விளக்கினேன். அவர் சாக்பீஸைத் தட்டிக்கொண்டே சொன்னார்: “எதிர்ல யாரா இருந்தா என்னப்பா? பந்து ஒண்ணுதானே, கோல் போஸ்ட் எல்லா ஊர்லயும் ஒரே அளவுதானே?”

முதலில் சாப்பாடு

அந்த வருஷ அட்டவணையில் முதல் வெளியூர் ஆட்டமே மதனப்பள்ளி. மலைப்பாதை வளைவுகளில் பஸ் சாயும் பக்கமெல்லாம் நானும் சாய்ந்து, முன்சீட்டுக் கம்பியைப் பிடித்த பிடியில் விரல் மரத்துவிட்டது. முனிரத்தினம் ஜன்னலை விட்டுத் தலையை உள்ளே எடுக்கவே இல்லை. இறங்கியதும் அந்த ஊர்க்காரர்கள் கையைப் பிடித்து இழுத்துப்போய் இலை போட்டார்கள். சங்கடி என்கிற ராகிக் களி உருண்டையும் நாட்டுக்கோழிக் குழம்பும். “தினண்டி, தினண்டி” என்று தெலுங்கில் உபசாரம். வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வார்களோ என்று பயம். மல்லன் மாதிரி நின்று பரிமாறியவரைப் பார்த்தால் யாருக்கும் அந்தப் பயம் வரும். இன்னொரு உருண்டை, இன்னொரு கரண்டி என்று வாங்கிக்கொண்டே இருந்தோம்.

ஆட்டத்தில் என்னால் குனிய முடியவில்லை. குனிந்தால் சங்கடி மேலே வந்தது. பின்னால் கூட்டம் முழுக்க “தன்னு! தன்னு!” என்று ஒரே சத்தம். தன்னு என்றால் தெலுங்கில் உதை. பந்தை உதைக்கச் சொல்கிறார்களா, எங்களையா என்று கடைசி வரை தெரியவில்லை. தெரியாததால் பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், அதற்குள் நாலு கோல் ஆகிவிட்டது. திரும்பும் பஸ்ஸில் வயிற்றைப் பிடித்துக்கொண்டே முனிரத்தினம் சொன்னான்: “துன்னுன்னு சொன்னதும் அவுங்கதான், தன்னுன்னு சொன்னதும் அவுங்கதான். நடுவுல நாம இன்னாத்துக்குண்ணா போனோம்?”

வேர்க்கடலைக்காரர்

அடுத்தது திருப்பதி. அங்கே கூட்டம் கத்தவில்லை, அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. என் வலைக்கு நேர் பின்னால் ஒரே ஒருவர், வெள்ளைச் சட்டை, மடியில் வேர்க்கடலைப் பொட்டலம். முனிரத்தினம் என்னைக் கூப்பிட்டதை வைத்துப் பெயரைப் பிடித்துக்கொண்டார். மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “ஏகாம்பரம்ண்ணா, எந்தப் பஸ்ஸுல போறீங்க?” என்றார். கொஞ்ச நேரம் கடலை உடைக்கும் சத்தம். “ஊட்டாண்ட தனியாவா கீறாங்க?” நான் ஓரடி முன்னால் நகர்ந்தேன். “புத்தூர் தாண்டனா ரோடு நல்லா இல்லண்ணா. மின்ன மாரி இல்ல.” என்ன ரோடு, என்ன நல்லா இல்லை? கேட்டுவிடலாம் என்று அரைத் திரும்பல் திரும்பினேன். அந்த அரைத் திரும்பலில் பந்து என் காதோரமாகப் போய் வலையில் விழுந்தது.

ஆட்டம் ஒரு கோலில் போய்விட்டது. வெளியே வந்தால் அவர் கேட்டருகில் நிற்கிறார். ஓடிவிடலாமா என்று பார்த்தேன், பூட்ஸைக் கழற்றியிருந்தேன், வெறுங்கால். அவர் சிரித்த முகமாகப் பொட்டலத்தை நீட்டி, “தப்பா நெனச்சிக்காதண்ணா, எங்க கீப்பரா இருந்தாலும் நான் இப்டித்தான் பேசிக்கினு இருப்பேன், எனக்கு ஆட்டம் பாத்தா பயம்” என்றார்.

ஒரு சொல், இரண்டு வேலை

வெளியூரில் நாங்கள் தமிழில்தான் கத்துவோம். மேற்கே போகப் போக அது எங்கள் ரகசிய பாஷை. ஆனால் எங்கள் பக்கத் தமிழில் ஒரு கண்ணி இருக்கிறது. ‘வுடு’ என்றால் தொடாதே, விட்டுவிடு. ‘ஒண்ணு வுடு’ என்றால் ஓங்கி ஒன்று கொடு. சித்தூர் ஆட்டத்தில் கடைசி வரை கோல் இல்லாமல் தாக்குப்பிடித்தோம். ஒரு டிரா கிடைத்தால் மேனேஜரிடம் பேச ஏதாவது இருக்கும் என்று எனக்குள் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அப்போது ஒரு பந்து அசட்டுத்தனமாக உருண்டு வந்தது. நான் எடுத்துக்கொள்கிறேன் என்ற அர்த்தத்தில் “முனீ, வுடு!” என்று கத்தினேன். பயத்தில் என் தொண்டை எப்படிக் கீச்சிட்டதோ, அவன் திரும்பி ஓங்கி ஒன்று வுட்டான். என்னைத் தாண்டி எங்கள் வலைக்குள்ளேயே போனது.

அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. கோல் போஸ்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். தொட்டில் குழந்தை ஞாபகம் எனக்கே வந்தது, நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். இனி ‘வுடு’ என்றால் விடுவதற்கு மட்டும், உதைப்பதற்கு ‘ஒதை’ என்று அங்கேயே முடிவு செய்தோம். எழுந்திருக்கும்போது அவன் கேட்டான்: “நீ வுடுன்ன, நானும் வுட்டேன். இன்னும் இன்னாண்ணா பண்ணணும் நானு?”

யாருக்கு யார் பயம்

அன்று சாயந்திரமே போட்டி நடத்துகிறவர்களில் ஒருவரைப் பிடித்து, ஏன் சார் பெரிய டீமெல்லாம் எங்கள் ஊருக்கு வருவதே இல்லை, எங்களையே ஏன் ஊர் ஊராகத் துரத்துகிறீர்கள் என்று கேட்டேன். அவர் பாதி தெலுங்கும் பாதி தமிழுமாகச் சலித்துக்கொண்டார். எங்கள் மைதானத்தில் ஒரு பக்கம் ஏரிக்கரைச் சரிவு, மறுபக்கம் வேலிகாத்தான் முள், நடுவில் யாருக்கும் அடங்காத ஒரு எருமை. அத்தனை பேரைப் பார்த்து நான் நடுங்கிக்கொண்டிருக்க, அவர் சொன்னது இது: “பெத்த டீமுங்க உங்க ஊருக்கு வரமாட்டேங்கறாங்க சார், உங்க கிரவுண்டுன்னா அவுங்களுக்கு பயம்!”

நகரி

மிச்சம் இருந்தது நகரி மட்டும். லீகிலேயே கடைசி டீம். எல்லோரும் விசைத்தறி ஓட்டுகிறவர்கள், ஷிப்ட் முடிந்து கண் சிவக்க, தலையில் பஞ்சுத் தூசியோடு அப்படியே வருவார்கள். ஒரு வழியாக அட்டவணை எங்களைப் பார்த்து இரங்கியது என்று நீங்கள் நினைப்பீர்கள். எனக்கு அந்த வருஷத்திலேயே அன்றைக்குத்தான் உடம்பு நிஜமாக நடுங்கியது. மதனப்பள்ளியில் தோற்றால் மதனப்பள்ளி என்று சொல்லலாம், திருப்பதியில் தோற்றால் திருப்பதி என்று சொல்லலாம். நகரியில் தோற்றுவிட்டு எந்த ஊரைச் சொல்வது? முனிரத்தினம் குழந்தையின் கறுப்பு வளையல் ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தான். தொலைத்துவிடப் போகிறாய் என்று சொல்ல வாயெடுத்தேன், அவன் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன்.

மைதானத்தைச் சுற்றித் தறிக் கொட்டகைகள். தடக் தடக் என்ற சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவன் பேசினாலே கேட்காது. போதாததற்கு அவர்களும் எங்கள் மாதிரியே தமிழ் பேசுகிறவர்கள், ரகசிய பாஷையும் போயிற்று. முதல் பாதியில் ஒரு கார்னரில் முனிரத்தினம் கண்ணை மூடிக்கொண்டு தலையைக் கொடுத்தான், பந்து அவர்கள் வலைக்குள் போனது. அதற்கப்புறம் ஓடியது கடிகாரம் அல்ல, என் நெஞ்சுதான். முடியும் தறுவாயில் நெடுந்தூரத்திலிருந்து ஒரு பந்து வந்தது. முனிரத்தினமும் அவர்களுடைய ஃபார்வர்டும் தோளோடு தோள் உரசிக்கொண்டு அதன் பின்னால் ஓடி வந்தார்கள். எனக்குத் தெரிந்த ஒரே சொல்லை, தறிச் சத்தத்துக்கு மேலே கத்தினேன்: “வுடு!”

முனிரத்தினம் விட்டான். அந்தப் பையனும் விட்டான்! இரண்டு பேரும் இரண்டு பக்கமும் விலகி நிற்க, பந்து வீட்டுக்கு வருகிற கன்றுக்குட்டி மாதிரி என் கைக்குள் வந்தது. அப்புறம்தான் கலவரம். நகரிக்காரர்கள் ரெஃப்ரியைச் சூழ்ந்துகொண்டு, எதிராளியை ஏமாற்றக் கத்தினான், ஃபவுல் கொடு என்றார்கள். நான் என் ஆளைத்தான் சொன்னேன் என்று என் குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்தேன். ரெஃப்ரிக்குத் தெலுங்கு மட்டும்தான் தெரியும். ‘வுடு’ என்றால் என்ன என்று கேட்டார். ஒருவன் விடு என்றான், இன்னொருவன் ஆத்திரத்தில் உதை என்றான். இரண்டில் ஒன்று முடிவு செய்துகொண்டு வாருங்கள் என்று கையை உதறிவிட்டு விசில் ஊதி ஆட்டத்தை முடித்துவிட்டார். ஜெயித்துவிட்டோம் என்று புரியவே எனக்கு நேரமாயிற்று. போகும்போது அந்த ஃபார்வர்ட் என்னிடம் வந்தான். அடிக்கத்தான் வருகிறான் என்று கையைத் தூக்கிக்கொண்டேன். “எங்கண்ணன் எனுக்குப் பின்னால ஆடிக்கினு இருந்தாரு. உன் கொரலு அவுரு கொரலு மாரியே கீது. எங்கண்ணன் சொன்னா நான் வுட்டுடுவேன்” என்றான்.

மறுபடியும் பலகை

திங்கட்கிழமை கேன்டீனில் பலகைக்கு முன்னால் கூடினோம். முனிரத்தினம் தலைக்கு எண்ணெய் வைத்து, படிய வாரி, கல்யாணத்துக்குப் போகிறவன் மாதிரி வந்திருந்தான். வெளியூர்க் கட்டத்தில் ஒரு வெற்றி எழுத வேண்டியது மட்டும்தான் பாக்கி. சேஷாத்ரி சார் சாக்பீஸை எடுத்தார், எதிர் டீம் யார் என்று கேட்டார், நகரி என்று நான்தான் சொன்னேன். சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, கொஞ்சம்கூடக் கோபமில்லாமல், புரியவைக்கிற குரலில் சொன்னார்: “கடைசி டீமை ஜெயிக்கறதெல்லாம் ஒரு ஜெயிப்பாப்பா? எதிர்ல யாருன்னு பார்த்துத்தானே கணக்குப் போடணும்!”

டீமும் போயிற்று, வேலையும் போயிற்று. முனிரத்தினம் இப்போது குவைத்தில் ஒரு வீட்டில் கார் ஓட்டுகிறான். நான் வரதய்யபாளையம் பக்கம் ஒரு தொழிற்சாலை வாசலில் கோல் கீப்பருக்குப் பதில் கேட் கீப்பர், முதுகுக்குப் பின்னால் கெட்டியான காம்பவுண்ட் சுவர் இருக்கிறது, ஆனாலும் லாரிக்காரர்கள் “வுடுண்ணா, வுடு!” என்று கத்தும்போதெல்லாம் விடச் சொல்கிறார்களா உதைக்கச் சொல்கிறார்களா என்று ஒரு நொடி நடுங்கிவிட்டுத்தான் கதவைத் திறக்கிறேன்.