சந்தனம் பட்ட கேபிள்

ஒத்தக்கடையில் ஒரு கம்பெனி அலுவலகத்தைப் பத்து வருடமாகப் பெருக்கித் துடைக்கிறாள் முத்துச்செல்வி. அங்குள்ள கோப்புகளெல்லாம் இனி எங்கோ தொலைவில், கிளவுட்டில் இருக்குமாம். அதற்கென்றே தனி லைன் இழுத்திருந்தார்கள். ஆயுத பூஜையன்று மெஷின்களுக்கெல்லாம் பொட்டு வைத்தவள், புதுக் கண்ணாடியிழைக் கேபிளை மட்டும் விடுவானேன் என்று அதன் கண்ணாடி முனையிலும் சந்தனம் தொட்டு வைத்தாள்.

மறுநாள் கேபிளைச் செருகியும் லைன் வரவில்லை. மூன்று நாளாக இன்ஜினியர் சித்தார்த் போனில் கத்திக்கொண்டிருந்தான். வேலை போய்விடும் என்று பயந்து வாயை மூடியிருந்தவளுக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

“சார், நான்தான் அதுக்குப் பொட்டு வச்சேன்.”

“ஏங்க்கா, தேங்கா உடைக்கலையா? இதுக்கா இம்புட்டுப் பயம்?” சிரித்துக்கொண்டே கேபிளைப் பிடுங்கித் துடைத்தான்.

போனில், லைனின் அந்தப் பக்கம் இருந்தவன் சொன்னான்: “வந்துருச்சு மாப்ள! உன் பக்கமிருந்து டேட்டா கொட்டுது.”

சித்தார்த் தன் கையைப் பார்த்தான். கேபிளின் முனை இன்னும் அவன் கையில்தான் இருந்தது. மெஷினில், கேபிள் செருகும் காலித் துளைக்கு மேலே பச்சை விளக்கு சிமிட்டியது.

வேலை போகவில்லை. ஆனால் அந்த மெஷின் அறையை இப்போதும் பின்னோக்கி நடந்தே பெருக்கி வெளியே வருகிறாள். அந்த விளக்குக்கு அவள் முதுகு காட்டுவதில்லை.