அட்டையில் பாதி ஊர்

எண்பதுகளின் தொடக்கத்தில் நானும் தங்கையும் வளவனூரிலிருந்து விழுப்புரத்துக்கு பஸ்ஸில் போய்ப் படித்தோம். நான் பத்தாவது, அவள் எட்டாவது. பாடப்புத்தகங்களுக்கு அட்டை போட அப்பா பழைய பேப்பர் கடையில் ஓர் அமெரிக்கப் பத்திரிகை வாங்கி வந்தார். அதன் நடுவில் இரண்டு பக்கத்துக்கும் விரிந்த ஓர் ஓவியம். ஒரு நகரம். கட்டடங்கள் எல்லாம் செங்கல் சிவப்பிலும் சாம்பலிலும் மஞ்சளிலும் வெறும் கட்டம் கட்டமாக, ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து நின்றன. வரைந்தவர் காலமெல்லாம் தன் ஊர்த் தெருக்களையே வரைந்தவர், அந்த வட்டாரத்தைத் தாண்டி அதிகம் பேருக்குத் தெரியாதவர் என்று கீழே போட்டிருந்தது. ஆளுக்குப் பாதியாகக் கிழித்துக்கொண்டோம். இரண்டு புத்தகத்தையும் ஒட்டி வைத்தால் தெரு சேர்ந்துகொள்ளும்.

"இவ்ளோ பெரிய ஊர்ல ஒரு ஆளு கூட இல்லியேண்ணா," என்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில் இல்லாதபோது இரண்டையும் சேர்த்து வைத்து, தன் பாதியில் நீல மையால் இரட்டைச் சடைப் பெண் ஒருத்தியை வரைந்துவிட்டாள். அந்தப் பெண் நீட்டிய கை மட்டும் என் அட்டைக்கு வந்துவிட்டது.

"உன் பக்கம் நீ ஒரு ஆள வரைஞ்சிக்கோண்ணா. கைய புடிச்சிக்கினு போவட்டும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எச்சில் தொட்டுத் தேய்த்தேன். மை கலங்கியதே தவிர போகவில்லை. வகுப்பில் பையன்கள் அந்தக் கையைக் காட்டிக் காட்டிச் சிரித்தார்கள். அவளோடு பேச்சை நிறுத்திவிட்டேன்.

அந்த மாதமே அவள் வயதுக்கு வந்தாள். சடங்கு முடிந்ததும் அப்பா என்னைக் கேட்டார். "இனிமே சாயங்காலம் பஸ்ல தனியா வர வுட முடியாது. அவ ஸ்கூல் அரை மணி லேட்டாதான் வுடுது. நின்னு கூட்டிக்கினு வர்றியா? நீ சரின்னா படிக்கட்டும்."

அவள் கதவோரம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். "என்னால முடியாதுப்பா" என்றேன். அரை மணி நேரம் நிற்க முடியாத அளவுக்கு எனக்கு ஒரு வேலையும் இல்லை. கோபம், அவ்வளவுதான்.

அவள் அழவில்லை. மறுவாரம் அவள் புத்தகங்களை அம்மா எதிர்வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாள், அட்டையோடு.

நான் காலேஜ் முடித்த வருடம் அவளைக் காணை கிராமத்தில் கட்டிக்கொடுத்தோம். சீர்ப் பாத்திரங்களைப் பரணிலிருந்து இறக்கும்போது என் பழைய புத்தகம் கிடைத்தது. அவளிடம் காட்டினேன். கலங்கிப்போன கையை விரலால் தடவிப் பார்த்தாள். பேனாவைத் திறந்து, "இப்ப வரையட்டுமா?" என்றேன்.

"எதுக்குண்ணா? அந்தப் பொண்ணுதான் இங்க இல்லியே," என்று சொல்லிவிட்டுப் பாத்திரங்களைத் துடைக்க உட்கார்ந்தாள்.