தெருக்கோடியில் வரவிருந்த வீடுகள்

கோவில் வாசல்கள் எல்லாருக்குமாகத் திறக்கப்படுவதற்குச் சில வருஷங்கள் முன்னால், நாஞ்சில் நாட்டின் ஒரு சிறிய நகரசபையில் எனக்கு ஓவர்சியர் வேலை கிடைத்தது. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஊருக்குப் புதியவர்களான எங்களை நம்பி வீடு தந்தவர் ஒரு ஜவுளிக்கடை முதலாளி. அதே தெருவில் நாலு வீடு தள்ளி இருந்தார். எங்கள் வார்டுக்கு நகரசபை மெம்பரும் அவர்தான். என் மனைவி பிள்ளையுண்டாகி வாந்தியில் கிடந்த நாட்களில், முதலாளியின் மனைவி காலையும் மாலையும் கஞ்சியோடு வந்து நிற்பார். "குடி மக்கா, வயித்தில கிடக்கதுக்கு வேணுமில்லா" என்று பக்கத்தில் உட்கார்ந்து குடிக்க வைத்துவிட்டுத்தான் போவார்.

அவர்களுக்கு ஒரே மகள் இருந்தாள். வாந்திபேதியில் போய்விட்டாள். அந்த வீட்டில் யாரும் அவளைப் பற்றிப் பேசுவதில்லை. அடுத்த வீட்டுப் பெண் சொல்லித்தான் எங்களுக்கே தெரிந்தது.

அந்த ஆடிச் சாரலில், ஊரைக் கூட்டி அழுக்கு அள்ளும் தூப்புக்காரர்களின் குடிசைகளில் இரண்டு இடிந்து விழுந்தன. ஊர்க்குப்பையெல்லாம் கொண்டு கொட்டுகிற கிடங்கை ஒட்டி, மண்சுவரும் ஓலையுமாக அவர்கள் குடியிருந்தார்கள். சுவருக்கு அடியில் சிக்கி ஒரு கிழவர் செத்துப்போனார். மண்ணை விலக்கி அவரை வெளியே எடுத்தபோது நானும் நின்றேன். குடிசைக்குள் கிடங்கின் நாற்றமும் நனைந்த ஓலையின் நாற்றமும் சேர்ந்து மூச்சை அடைத்தது. அதற்குள்ளேதான் அடுப்பும் தொட்டிலும் இருந்தன.

நகரசபைத் தலைவர் ஒரு வக்கீல். அதிகம் பேசாதவர். மறுநாள் என்னைக் கூப்பிட்டு, அவர்களுக்குக் கல்கட்டு வீடுகள் ஒரு வரிசை கட்ட வேண்டும், மேடான இடமாகப் பாரும் என்றார். ஊர் முழுக்க நடந்து பார்த்தேன். நகரசபைக்குச் சொந்தமாக, தண்ணீர் நிற்காத, பக்கத்தில் கிணறு உள்ள நிலம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது எங்கள் தெருக்கோடியில் எருக்கு மண்டிக் கிடந்த புறம்போக்கு.

நான் அங்கே சங்கிலி பிடித்து அளந்து முடிப்பதற்குள் தெருவுக்கே விஷயம் தெரிந்துவிட்டது. சாயங்காலம் முதலாளி கடையைப் பூட்டிவிட்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"தம்பி, கோடியில என்னத்துக்கு அளந்திய?"

சொன்னேன்.

"வேற இடமே இல்லியா?"

"குளத்தங்கரைப் பள்ளம் இருக்கு. ஐப்பசி கார்த்திகையில அங்க முட்டளவு தண்ணி நிக்கும்."

"பாத்து நடந்துக்கிடுங்க. நீங்களும் இந்தத் தெருவில இருக்கப்பட்ட ஆளாக்கும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். மிரட்டுகிற குரல் இல்லை அது. களைத்துப்போன மனிதரின் குரல்.

அடுத்த வாரமே கிணற்றடியில் என் மனைவியோடு பெண்கள் பேசுவதை நிறுத்தினார்கள். கஞ்சி மட்டும் நிற்கவில்லை. முதலாளியின் மனைவி வந்தார், கொடுத்தார், பேசாமல் போனார். ஒரு நாள் என் மனைவி கேட்டாள், "வேலையை விட்டுட்டுப் போகச் சொன்னா எங்க போவோம்?" அவளே கொஞ்சம் கழித்து, "கேட்டா உள்ளதைச் சொல்லுங்க. பள்ளத்தை மேடுன்னு சொல்லாண்டாம்" என்றாள்.

நகரசபைக் கூட்டத்தன்று எங்கள் தெருவே திரண்டு வந்திருந்தது. இடம் போதாமல் ஜன்னல்களிலும் ஆட்கள் நின்றார்கள். பென்ஷன் வாங்கிய வாத்தியார் ஒருவர் எழுந்து, ஒரே கிணற்றில் எப்படித் தண்ணீர் எடுப்பது என்று கேட்டார். அவர்களுக்குத் தனிக்கிணறு வெட்டப்படும் என்றார் தலைவர். இன்னொருவர், இனி இந்தத் தெருவில் யார் பெண் கொடுப்பார்கள் என்று கத்தினார். டாக்டராக இருந்த ஒரு மெம்பர், குப்பைக் கிடங்கில் மனிதரைக் குடிவைத்துவிட்டு ஊருக்கு நோய் வருகிறதே என்று அழுவதில் அர்த்தமில்லை என்றார். கூச்சல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

என்னைக் கேட்டார்கள். குளத்தங்கரைப் பள்ளத்தில் மழைக்காலத்தில் வெள்ளம் ஏறும், அங்கே வீடு கட்டக்கூடாது என்று சொன்னேன்.

பிறகு முதலாளி எழுந்தார். "எனக்கு அவியகிட்ட பகையொண்ணும் இல்ல. வீடு கெட்டிக் குடுக்கட்டும். ஆனா அழுக்கு சுமக்கப்பட்ட கையோட சீக்கும் தீனமும் வரும். நான் ஒரு பிள்ளையைக் குடுத்தாச்சு. இந்தத் தெருவில இன்னொரு பிள்ளை போவாண்டாம்." சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

வாசலுக்கு வெளியே தூப்புக்காரர்களின் மேஸ்திரி நின்றுகொண்டிருந்தார். ஏதாவது கேட்க வேண்டியிருக்கும் என்று தலைவர் வரச் சொல்லியிருந்தார். ஐம்பது வயதிருக்கும். தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். "நீ ஏதாவது சொல்லணுமா?" என்று தலைவர் கேட்டார்.

அவர் உள்ளே வரவில்லை. படியில் நின்றபடியே, முதலாளியைப் பார்த்துச் சொன்னார்.

"எசமான், அந்தப் பிள்ளை கெடந்த பாயும் துணியும் எடுக்க அண்ணைக்கு ஒருத்தரும் வீட்டுக்குள்ள வரல்ல. நாந்தான் வந்து எடுத்தேன். அந்தக் கோடி நெலத்தில வச்சுத்தான் எரிச்சேன். அந்த ஆழ்ச்சையில, ஏழு நாளு கழியதுக்குள்ள, என் மவனும் அதே தீனத்தில போயிட்டான். நான் ஆரைக் குத்தம் சொல்ல?"

அவர் குரல் ஏறவே இல்லை. முதலாளி தலையைக் குனிந்துகொண்டார். பின்வரிசையில் யாரோ அழுதார்கள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நிலம் கிடைத்துவிட்டது என்றே நான் நினைத்தேன்.

கை தூக்கச் சொன்னார்கள். தெருக்கோடி நிலம் ஒரு வோட்டில் தோற்றது. எதிர்த்துத் தூக்கிய கைகளில் முதலாளியின் கையும் இருந்தது. வீடுகள் குளத்தங்கரையில் கட்டப்படும் என்று முடிவாயிற்று. மேஸ்திரி துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. வீடு திரும்பும் வழியில் முதலாளி எனக்கு முன்னால் தனியாகப் போய்க்கொண்டிருந்தார். ஓடிப்போய்ப் பிடித்தேன்.

"அவர் சொன்னது பொய்யா?"

"உள்ளதாக்கும்" என்றார், நடையை நிறுத்தாமல். "அவன் வந்ததும் எடுத்ததும் நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். நான் அந்த அறைக்குள்ள போகல்ல தம்பி. பெத்தவன் நான் போகல்ல. அவன் போனான்."

தெரு திரும்பும் இடத்தில் நின்றார்.

"தீனம் வரும்னு சொன்னேனில்லா, அது எனக்கே நம்பிக்கை கிடையாது. தெனமும் காலம்பற கதவைத் தொறந்தா அவன் முகத்தில முழிக்கணும். எனக்கு அதுக்குப் பெலன் இல்ல."

அந்த நியாயத்துக்காகப் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் பள்ளத்தில் போய்க் கிடக்க வேண்டுமா என்று கேட்க வாயெடுத்தேன். தெருவிளக்கின் வெளிச்சத்தில் அவர் முகத்தைப் பார்த்தபின் கேட்கவில்லை.

குளத்தங்கரையில் வேலை தொடங்கிய அன்று, நகரசபை தராத கருங்கல் நாலைந்து வண்டிகளில் வந்து இறங்கியது. முதலாளிதான் அனுப்பினார் என்று வண்டிக்காரர் சொன்னார். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அவருக்கு உத்தரவாம். மேஸ்திரியிடம் மட்டும் சொன்னேன். கல்லைக் கொஞ்ச நேரம் பார்த்தவர், "போட்டு உயத்துங்க சாரே, கல்லு என்ன செஞ்சுது" என்றார். திட்டத்தில் இருந்ததைவிட இரண்டு முழம் தரையை உயர்த்திக் கட்டினேன்.

அதற்குள் எங்களுக்கு மகள் பிறந்திருந்தாள். பேறுகாலம் முழுக்க முதலாளியின் மனைவி கூடவே இருந்தார். முதலாளி வரவில்லை. தெருவில் எதிரே பார்த்தால் தலையசைப்பார், நானும் அசைப்பேன். அந்த வீட்டை நாங்கள் காலி செய்யவும் இல்லை, அவர் காலி செய்யச் சொல்லவும் இல்லை.

மறுவருஷம் ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. குளம் நிறைந்து பள்ளத்துக்குள் இறங்கியது என்று கேள்விப்பட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனேன். சுற்றிலும் கலங்கல் தண்ணீர். நடுவில் வீடுகள் வரிசையாக நின்றன. மேஸ்திரியும் இன்னும் நாலு பேரும் விளக்குமாறுகளைத் தலைக்குமேல் பிடித்தபடி வேலைக்குப் போகத் தண்ணீருக்குள் நடந்து வந்துகொண்டிருந்தார்கள்.

"வீட்டுக்குள்ள ஏறிச்சா?" என்று கத்திக் கேட்டேன்.

"இல்ல சாரே, தரை நனையல்ல." அருகில் வந்து மூச்சு வாங்கினார். "பிள்ளையளைத்தான் வெளிய விடப் பயமாட்டு இருக்கு. இந்தத் தண்ணி வடிய எவ்வளவு நாளாவும்?"

தை பிறக்க வேண்டும் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, கரையேறி மற்றவர்களோடு ஊருக்குள் நடந்தார்.