தேடலில் வந்த ஒரே ஒரு செய்தி

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு ஜூலை மாதம் தென்காசியில் நடந்தது இது. பெங்களூரில் பார்த்துக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்து, சின்னச் சின்ன வேலைகளாக எடுத்துச் செய்துகொண்டிருந்தேன்.

எங்கள் ஊரில் ஒரு வாரப் பத்திரிகை உண்டு. நான்கு பக்கம்தான். கோயில் கொடை விழா, எலுமிச்சை விலை, விபத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் வரும். அதை நடத்துகிறவரை ஊரே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான். பழைய இதழ்கள் எல்லாம் அவருடைய கம்ப்யூட்டரில் வருட வாரியாகக் கிடந்தன. யாராவது வந்து எங்கள் மாமா இறந்த செய்தி வேண்டும் என்று கேட்டால், தேடி எடுப்பதற்குள் அரை நாள் போய்விடும்.

"ஒரு வார்த்தையத் தட்டுனா டக்குனு வந்து நிக்கணும். அப்படி ஒண்ணு பண்ணித் தாயேன்" என்றார்.

தேடுவதற்கென்றே சர்வர் மென்பொருள் இருக்கிறது. எல்லாச் செய்திகளையும் படித்து, எந்தச் சொல் எந்த இதழில் இருக்கிறது என்று, புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவு மாதிரி ஒன்றைத் தயார் செய்து வைத்துக்கொள்ளும். ஆனால் அழுத்துவதற்குப் பட்டன் எதுவும் கிடையாது. ஒரே ஒரு செட்டிங்ஸ் ஃபைல்தான். செய்திகள் எங்கே இருக்கின்றன, எதையெல்லாம் எழுத்தாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று வரி வரியாக அதில் எழுத வேண்டும். நாம் எழுதாததை அது தானாக யோசிக்காது. தமிழில் புள்ளியும் கொம்பும் எழுத்தோடு சேர்ந்தவை என்று நான் சொல்லாததால், முதலில் 'தென்காசி' என்ற சொல்லே துண்டு துண்டாக உடைந்து கிடந்தது. அதை ஒருவழியாகச் சரி செய்து, பத்திரிகை ஆபீசில் உட்கார்ந்து சோதித்துக்கொண்டிருந்த காலையில்தான் அந்த அக்கா வந்தார்.

வெளியே சாரல். குடையை மடக்கி வாசலில் சாத்திவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். அண்ணாச்சி அவரைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டார். கையில் ஒரு போட்டோ.

அவர் புளியங்குடிக்காரர். கணவர் எலுமிச்சை லாரியில் கிளீனர். ஒரு குற்றால சீசன் சமயம், கேரளாவில் லோடு இறக்கிவிட்டுத் திரும்பும்போது, "நான் அருவில ஒரு குளி குளிச்சிட்டு பஸ்ல வாரேன்" என்று டிரைவரிடம் சொல்லிவிட்டுச் செங்கோட்டையில் இறங்கியிருக்கிறார். அதன் பிறகு வீட்டுக்கு வரவே இல்லை. கையில் செல்போனும் இல்லை. புளியங்குடி போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரி பிணவறைக்குக்கூட இரண்டு தடவை கூப்பிட்டுக் காட்டினார்களாம். இரண்டு தடவையும் அது வேறு யாரோ.

ஒவ்வொரு சீசனுக்கும் அந்த அக்கா வருவார். இங்கே 'காணவில்லை' விளம்பரத்துக்குப் போட்டோ கொடுப்பார். பிறகு குற்றாலம் போய் மெயினருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என்று சாயங்காலம் வரை நின்று, குளித்துவிட்டு வரும் ஆண்களின் முகங்களைப் பார்ப்பார். அண்ணாச்சிதான் இதைக் குரலைத் தாழ்த்தி என்னிடம் சொன்னார்.

அக்கா என் திரையைப் பார்த்தார். "இதுல தேடுனா ஆளு கெடைப்பாவளா, தங்கச்சி?"

"ஆள் கிடைக்காதுக்கா. பேப்பர்ல வந்த செய்தி மட்டும்தான் கிடைக்கும்."

"அவிய பேரப் போட்டுப் பாரேன்."

போட்டேன். வரிசையாகச் செய்திகள் வந்தன. அக்கா முன்னால் சாய்ந்தார். எல்லாமே அவர் கொடுத்த விளம்பரங்கள். அதே போட்டோ, அதே வாசகம். வயது மட்டும் 44, 45, 46 என்று வருடத்துக்கு ஒன்றாகக் கூடிக்கொண்டே வந்தது. அவர் எங்கேயோ இருக்கிறார், அங்கே அவருக்கும் வயது ஏறிக்கொண்டுதான் இருக்கும் என்று அக்கா ஒவ்வொரு முறையும் திருத்திக் கொடுத்திருக்கிறார். நான் சட்டென்று அந்தப் பக்கத்தை மூடினேன்.

"வேற ஏதாவது அடையாளம் உண்டாக்கா?"

கொஞ்சம் தயங்கினார். "இடது கை சுண்டுவிரல் பாதிதான் இருக்கும். லாரி பெல்ட்டுல மாட்டிக்கிட்டு. வெளிய சொன்னா அவியளுக்குப் பிடிக்காது. துண்டப் போட்டு மறச்சுக்கிடுவாவ. அதனால பேப்பர்ல நான் போடச் சொல்லல."

'சுண்டுவிரல்' என்று அடித்தேன். எந்தச் செய்தியும் இல்லை என்று வந்தது.

"இல்லன்னு வருதுக்கா."

அக்காவின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "இல்லல்லா? நல்லது தங்கச்சி, நல்லது." சுவாமி படத்தைக் கும்பிடுவது போல என் கம்ப்யூட்டரை ஒரு கும்பிடு போட்டார். "இது இன்னும் முழுசா வேலை முடியலக்கா" என்று நான் ஆரம்பிப்பதற்குள் குடையை எடுத்துக்கொண்டு குற்றாலம் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிட்டார்.

சாப்பிட்டு வந்து மறுபடி வேலையில் உட்கார்ந்தேன். 'குற்றாலம்' என்று தேடினால் 'குற்றாலத்தில்' என்று அச்சான செய்தி வரவில்லை. தமிழில் சொல் தனியாக நிற்பதே அபூர்வம். எதனோடாவது ஒட்டிக்கொண்டுதான் வரும். சொல்லின் முன்பகுதி பொருந்தினாலும் எடு என்று செட்டிங்ஸ் ஃபைலில் ஒரு வரி எழுதினேன். எல்லா இதழ்களையும் மறுபடி படிக்க விட்டேன். முடிந்ததும் 'குற்றால' என்று அடித்தேன், கொட்டோ கொட்டென்று கொட்டியது. சந்தோஷமாக இருந்தது. அடுத்து எந்தச் சொல்லைப் போடலாம் என்று யோசிக்கும்போது, கை தானாக, கடைசிப் புள்ளியை விட்டுவிட்டு, 'சுண்டுவிரல' என்று அடித்தது.

ஒரே ஒரு செய்தி வந்தது.

குற்றாலம் போகும் வழியில் பூட்டிய கடை வாசலில் ஆண் சடலம். வயது சுமார் 55. நீலக் கட்டம் போட்ட கைலி. இடது கை சுண்டுவிரலில் பாதி இல்லை. மாரடைப்பாக இருக்கலாம். அடையாளம் தெரிந்தவர்கள் தொடர்புகொள்ளவும்.

இதழின் தேதியைப் பார்த்தேன். அவர் காணாமல் போன அதே வாரம். அக்காவின் முதல் விளம்பரம் வந்தது அதற்கு அடுத்த மாதம்தான். இரண்டும் ஒரே பத்திரிகையின் அதே மூன்றாம் பக்கம். 'சுண்டுவிரல்' என்று காலையில் நான் தேடினேன். 'சுண்டுவிரலில்' என்று அச்சாகியிருந்தது.

அண்ணாச்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் படித்தார். கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"ஏட்டி, ரெண்டையும் ப்ரூஃப் பாத்தது நான்தாம்ட்டி" என்றார். "அம்பத்தஞ்சுன்னு போட்டிருந்துச்சு. அந்தப் பிள்ளை நாப்பத்து நாலுன்னு சொல்லுச்சு. வேற ஆளுன்னுகூட நெனைக்கல. நெனைக்கவே இல்ல." மறுபடியும் மறுபடியும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

சொல்ல வேண்டுமா என்று எனக்குக் குழப்பம். காலையில் பார்த்த முகம் கண்ணிலேயே நின்றது. அப்படியே விட்டுவிட்டால் அடுத்த சீசனுக்கும் அவர் வருவார், போட்டோ கொடுப்பார், வயதைக் கூட்டுவார். நான் இப்படி இழுத்துக்கொண்டிருந்தபோது அண்ணாச்சி எழுந்து சட்டையை மாட்டினார். "போன்ல சொல்லக் கூடாது. வா, அங்கன அருவிகிட்டதான் நிப்பா."

மெயினருவியில் அன்று நல்ல தண்ணீர். பாலத்துப் பக்கம் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அக்கா நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததுமே அவருக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். அருவிச் சத்தத்தில் அண்ணாச்சி சொன்னது எனக்கே கேட்கவில்லை. அக்கா என்னைப் பார்த்தார்.

"காலைல இல்லன்னு சொன்னியே?"

எனக்குத் தெரிந்த மாதிரி விளக்கினேன். சொல்லோடு இன்னொரு அசை ஒட்டியிருந்தது, அதனால் அப்போது வரவில்லை என்றேன். கவனமாகக் கேட்டார். பிறகு, "அம்புட்டுத்தானா?" என்றார். அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

மறுநாள் மூன்று பேருமாகக் குற்றாலம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். வயதான ஏட்டையா ஒருவர் பொறுமையாகப் பழைய கோப்பைத் தேடி எடுத்து, போட்டோவைக் கையால் பாதி மறைத்துக்கொண்டே காட்டினார். அக்கா அந்தக் கையை விலக்கிவிட்டு முழுவதையும் பார்த்தார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. "தாடி எடுக்காம விட்டுட்டாவ. அதான் வயசாத் தெரியுது" என்றார், வீட்டில் இருக்கும் ஒரு ஆளைப் பற்றிச் சொல்வது போல. யாரும் தேடி வராததால் அப்போதே பொது இடுகாட்டில் அடக்கம் செய்துவிட்டார்களாம். எந்த இடம் என்று இப்போது யாராலும் காட்ட முடியவில்லை. அக்கா புல் முளைத்துக் கிடந்த அந்த மைதானத்தின் ஓரமாக நடந்தார். ஓர் இடத்தில் நின்று குனிந்து மண்ணைத் தொட்டார். அங்கேதான் உட்கார்ந்து அழுதார்.

அடுத்த ஆடி அமாவாசைக்குக் குற்றாலத்தில் தர்ப்பணம் கொடுத்துவிட்டு எனக்குப் போன் செய்தார். "தேதி தெரிஞ்சுட்டுல்லா தங்கச்சி. இனிம அன்னைக்கு ஒரு வாய் சோறு வைக்கலாம். ஒனக்குப் புண்ணியம்" என்றார். நான் ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவரே, "ஆனா, சாரல் விழ ஆரம்பிச்சா இப்பம் எனக்கு எங்கன போவன்னு தெரியல" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டார்.

நான் செய்தது சரியா என்று அண்ணாச்சியிடம் பலமுறை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும், சரிதான் என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்ப்பார். அந்தத் தேடல் இன்றும் நன்றாக ஓடுகிறது, பலருக்கும் பயன்படுகிறது. ஆனால் ஒன்றும் கிடைக்கவில்லை என்று திரையில் வரும்போதெல்லாம், செட்டிங்ஸ் ஃபைலைத் திறப்பதற்கு முன்னால், கேட்டு வந்தவரின் முகத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்துக்கொள்கிறேன். அந்த 'இல்லை'யைப் பிடித்துக்கொண்டு உயிர் வாழ்கிறவர்களும் இருக்கிறார்கள் என்பது இப்போது எனக்குத் தெரியும்.