தவமலரின் ஆங்கிலச் சோதினை

2009ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில், டென்மார்க்கின் ஹேர்னிங் நகரில், தவமலருக்கு ஆங்கில வாய்மொழிச் சோதினை. அப்போது அவளுக்கு வயது முப்பத்தெட்டு. பதினான்கு வருசம் வேலை செய்த தையல் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். ஆஸ்பத்திரித் தாதியாகப் படிப்போம் என்று பெரியவர்களுக்கான பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்தாள். ஆங்கிலம் சித்தியடையாமல் தாதிக் கல்லூரியில் எடுக்கமாட்டார்கள்.

இலங்கையில், வன்னியில் சண்டை முடிந்துவிட்டதாகச் செய்தி வந்து பத்து நாள். தம்பி பாலேந்திரா கடைசியாகக் கதைத்தது சித்திரையில். "அக்கா, கடற்கரைப் பக்கம் போறம்" என்றதோடு லைன் அறுந்தது.

"சோதினையைத் தள்ளி வைக்கச் சொல்லிக் கேளுமன்," என்றான் கணவன் குலேந்திரன், பள்ளிக்கூட வாசலில் காரை நிறுத்திக்கொண்டு.

"எப்பமட்டும் தள்ளுறது? அதை ஆர் சொல்லுவினம்?"

சோதினை அறையில், மேசையில் கவிழ்த்து வைத்திருந்த கேள்விச் சீட்டுகளில் ஒன்றை எடுத்தாள். விக்டோரியா மகாராணி காலத்துக் கவிஞர் ஒருவரின் இளமையும் கல்வியும். பாடமாக்கிய பகுதிதான். தகப்பனிடம் லத்தீன் படித்தது, விடுதிப் பள்ளியில் அடி வாங்கியது, தகப்பன் நோயில் விழப் படிப்பு நின்றது, எல்லாம் தடங்கலில்லாமல் வந்தன.

"பிறகு?" என்றார் வெளியிலிருந்து வந்த பரிசோதகர்.

"பிறகு பள்ளிக்கூடம் மாறினார். முதல் பள்ளிக்கூடத்தில் குண்டு விழுந்தது. அடுத்ததில் அகதிகள் இருந்தார்கள். மூன்றாவதில் மரத்துக்குக் கீழே இருந்து படித்தார். சோதினை அன்று ஹெலிகொப்டர் சுட்டது. ஆனாலும் கணக்கில் அவர்தான் முதலாவது."

பரிசோதகரும் பக்கத்தில் இருந்த அவளுடைய ஆசிரியையும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "தவமலர், யாரைப் பற்றிச் சொல்கிறீர்கள்?" என்று ஆசிரியை மெதுவாகக் கேட்டாள்.

அப்போதுதான் அவளுக்கே விளங்கியது. "என்ர தம்பி" என்று தமிழில் வந்தது. அந்த அறையில் அது ஒருவருக்கும் புரியவில்லை. பிறகு எவ்வளவு முயன்றும் கவிஞர் எந்தக் கல்லூரிக்குப் போனார் என்பது நினைவுக்கு வரவேயில்லை.

சித்தியடைந்தாள்தான், ஆகக் குறைந்த புள்ளியில். "முதற்பாதி அருமை. மற்றதுக்கு என்னால் புள்ளி போட முடியாது, மன்னியுங்கள்," என்று பரிசோதகர் கை கொடுத்தார்.

வெளியே வந்ததும், "ஏதும் தகவலே?" என்று கேட்டாள். குலேந்திரன் தலையாட்டினான், இல்லையென்று.

ஆடியில் அகதி முகாமிலிருந்து தம்பி பெண்சாதி விமலாதேவி போன் எடுத்தாள். பிள்ளைகள் அவளோடு இருந்தார்கள். "மச்சாள், விசாரிக்க வேணுமெண்டு ஆமிக்காரர் இவரை ஒரு பக்கமாக் கூப்பிட்டவை. இப்ப வாறன் எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனவர்."

தவமலர் தம்பியைப் பற்றி விசாரித்துத் தனக்குத் தெரிந்த எல்லா அலுவலகங்களுக்கும் எழுதினாள். கடிதம் கிடைத்தது என்று மட்டும் பதில் வந்தது. செப்டெம்பரில் கல்லூரி தொடங்க, போனாள். போகாமல் வீட்டில் இருந்தும் செய்வதற்கு ஒன்றுமில்லை.