பயிறுக் கல்

சிதம்பரத்தில் புதிதாகத் திறந்திருக்கும் பீட்சா கடையில், அடுப்பிலிருந்து சூடேறிய கல்லின் வாசனை வந்ததும் எனக்கு முதுநகரில் இருந்த எங்கள் வீட்டுச் சுவர் ஞாபகம் வந்துவிட்டது. இன்று செல்போன் கடையாகிவிட்ட சலீம் மாமாவின் பேக்கரி அன்று எங்கள் வீட்டை ஒட்டியே இருந்தது. அவருடைய அடுப்பின் முதுகுதான் எங்கள் சமையலறைச் சுவர். தினமும் தீயில் வெந்தால் சாதாரணச் செங்கல் வெடித்துவிடும் என்று உள்ளே வெளிர்மஞ்சள் கற்களை அடுக்கியிருந்தார்கள். அவை வாங்கிய சூட்டை லேசில் விடாது, தீயை அணைத்த மறுநாளும் சுவர் வெதுவெதுப்பாகவே இருக்கும் என்பதால், ஐப்பசி மழையில் தெருப்பிள்ளைகளின் யூனிபார்ம் எல்லாம் அந்தச் சுவரோரக் கொடியில் காய்ந்து, எங்கள் வகுப்பே பன் வாசனை அடிக்கும்.

"இது பயர் பிரிக் பாப்பா" என்பார் சலீம் மாமா. எனக்கு அது 'பயிறு' என்றே காதில் விழுந்தது. உடைத்த பயிறில் செய்ததால்தான் இந்த மஞ்சள் என்று நம்பி, அடுப்பில் கல் மாற்றிய அன்று ஓர் உடைந்த துண்டைக் கொண்டுபோய், "சுண்டலுக்கு ஊறப்போடும்மா" என்று அம்மாவிடம் நீட்டினேன். அம்மா சிரிக்காமல் வாங்கி, குண்டானில் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள்.

"காலையில மொள வந்துடும் பாரு."

விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தேன். முளையைக் காணோம், கல் தண்ணீரைக் குடித்துவிட்டு நிறம் மாறி உட்கார்ந்திருந்தது.

பீட்சா வருவதற்குள் அம்மாவுக்குப் போன் போட்டு, இங்கேயும் அதே கல் இருப்பதைச் சொன்னேன்.

"அப்படியா," என்றாள். "அதுலயாவது மொள வந்துருக்கான்னு பாத்தியாடி?"