அண்ணன் வாங்கிய மூன்று பேஸ் மோட்டார்

அண்ணன் நம்மைப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலருக்கு எழுதச் சொன்ன அண்ணி, "உள்ளத எழுது, அவர சாமியாக்கிடாத" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். அதனால் அண்ணனின் நல்ல குணங்களோடு அவர் செய்த ஒரு பெரிய தவறும் இதில் வருகிறது. படிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம்.

அண்ணன் பிறந்தது ஆரணியில். அப்பாவுக்கு ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை கிடைத்துக் குடும்பம் குவார்ட்டர்ஸுக்கு வந்த பிறகு நான் பிறந்தேன். இரண்டு வயதில் போலியோ வந்து என் இடது கால் குட்டையாகிவிட்டது. அப்பா சீக்கிரமே காலமானதால் படிப்பைப் பாதியில் விட்டு அண்ணன் அதே தொழிற்சாலையில் சேர்ந்தார். என்னை ஆசிரியையாக்கிவிட்டுத்தான் தம் கல்யாணத்துக்குச் சம்மதித்தார். கோபம் சட்டென்று வரும். மன்னிப்புக் கேட்க மட்டும் தெரியாது, அதற்குப் பதில் பூரி வாங்கி வருவார்.

முகப்பேரில் ஒரு பள்ளியில் நான் கணக்கு டீச்சர். என் இடது காலணிக்கு மூன்று அங்குல உயரத்தில் ரப்பர் அடி வேண்டும். வழக்கமாகச் செய்து தந்தவர் கடையை மூடிவிட்டார். வேறு இரண்டு இடங்களில் செய்து வாங்கியும் சாய்வு சரியாக அமையவில்லை. இடுப்பு வலி தாங்காமல் நீண்ட விடுப்பு எடுத்தேன். இப்படியே நின்று பாடம் நடத்தினால் பிறகு நடக்கவே முடியாமல் போகும் என்றார் டாக்டர். பள்ளி திறப்பதற்குள் வழி பிறக்காவிட்டால் கொடுப்பதற்காக ராஜினாமா கடிதம் எழுதி வைத்தேன்.

அப்போது அண்ணன் ஓய்வு பெற்று வெள்ளானூரில் வீடு கட்டிக் குடியேறியிருந்தார்.

"ஒரு செருப்புக்காகவா வேலைய வுடுவ?" என்று கேட்டவர், மறுநாளே பின்பக்கக் கொட்டகையில் பெல்ட் கிரைண்டர் செய்ய ஆரம்பித்தார். இரண்டு உருளைகள்மேல் உப்புத்தாள் பட்டை ஓடும் இயந்திரம் அது. ஓடும் பட்டையில் ரப்பரை அழுத்தினால் வேண்டிய சாய்வுக்குத் தேய்க்கலாம். முதலில் வீட்டிலிருந்த பழைய தண்ணீர் மோட்டாரை மாட்டினார். அது ஓடிய வேகத்தில் ரப்பர் கருகிப் பட்டையில் ஒட்டிக்கொண்டது. தூள் உள்ளே புகுந்து இரண்டாம் நாள் மோட்டாரும் புகைந்தது. அண்ணி வந்து ஜன்னல்களைச் சாத்தினார்கள்.

புது மோட்டாருக்காக அண்ணன் தனியாக ஒரு நோட்டே போட்டார். வேகம் பழையதில் பாதி, அழுத்தினாலும் திணறாத இரண்டு எச்.பி., தூள் போகாதபடி முழுக்க மூடிய உடம்பு என்று எழுதிக்கொண்டார். அம்பத்தூரில் நான்கு கடை ஏறி இறங்கி, கையால் சுழற்றிப் பேரிங் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டு, ஒன்றை வாங்கி ஆட்டோவில் கொண்டு வந்தார். வயர் கொடுக்க வந்த எலக்ட்ரீஷியன் மோகன் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணாத்தே, இது மூணு பேஸ் மோட்டாரு. ஒங்க ஊட்டுக்கு வர்றது ஒரு பேஸுதானே?"

வாழ்நாளெல்லாம் தொழிற்சாலையில் மூன்று பேஸ் இயந்திரங்களோடு இருந்த மனிதருக்கு, வீட்டுக்கு வரும் கரண்ட் வேறு என்பது தோன்றவே இல்லை. பழைய தொழிற்சாலை நண்பர்கள் வந்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்கள் போயிருந்தாலும் அதையேதான் வாங்கியிருப்பார்கள். மூடியைத் திறந்த மோட்டாரைத் திருப்பி எடுக்க முடியாது என்று கடையில் சொல்லிவிட்டார்கள். பள்ளி திறக்கப் பத்து நாள்தான் இருந்தது. அண்ணன் அன்று சாப்பிடவில்லை.

மறுநாள் மோகன் தாமாகவே வந்தார். டிரைவ் என்று ஒரு சின்னப் பெட்டி வைத்தால் வீட்டுக் கரண்டிலேயே இந்த மோட்டார் ஓடும் என்றார். மோட்டாரின் உள்இணைப்பை அதற்கேற்ப மாற்றி, பெட்டியைச் சுவரில் மாட்டினார். அதிலிருந்த எண் போட்ட திருகைத் திருப்பினால் வேகம் குறைந்தது. அண்ணன் நோட்டில் எழுதிய பாதி வேகமும் ரப்பருக்கு அதிகம் என்பது ஓட்டிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. சரியாகப் பார்த்து ஒரு பேஸ் மோட்டார் வாங்கியிருந்தால் வேகத்தை இப்படிக் குறைத்திருக்க முடியாதாம். ரப்பர் இரண்டாம் முறையும் கருகியிருக்கும்.

ஒரு வாரம் நான் நடந்தேன், அண்ணன் தரையில் படுத்து என் குதிகாலைப் பார்த்தார். பார்ப்பதும் மறுபடி கொஞ்சம் தேய்ப்பதுமாக இருந்தார்.

"இப்ப இடுப்பு இன்னா சொல்து?"

"ஒண்ணும் சொல்லலண்ணா."

பள்ளி திறந்த அன்று நின்றே பாடம் நடத்தினேன். அதற்குப் பிறகு, தெரிந்தேதான் மூன்று பேஸ் வாங்கியதாக அண்ணன் எல்லோரிடமும் சொல்ல ஆரம்பித்தார். அது பொய் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். கொரட்டூரிலிருந்தும் பூந்தமல்லியிலிருந்தும் என்னைப் போன்ற சிலர் தேடி வந்தார்கள். யாரையும் அவர் திருப்பி அனுப்பியதில்லை.

கடைசியாக மருத்துவமனையில் இருந்த நாட்களில் அவருக்கு ஒரே கவலைதான்.

"அடி தேஞ்சா இன்னா பண்ணுவ?"

நானே தேய்த்துக்கொள்வேன் என்றேன். அவர் நம்பவில்லை.

"டிரைவ்ல இருபதுக்கு மேல வெக்காத" என்று மட்டும் சொன்னார்.

அந்த நாட்களில் ரத்தம் கொடுத்தவர்கள், அண்ணியோடு மாறி மாறித் துணை இருந்த வெள்ளானூர் தெருவாசிகள், எல்லாக் காரியத்திலும் கூட நின்ற மோகன், தோள் கொடுத்த தொழிற்சாலை நண்பர்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

போன மாதம் என் காலணியின் அடி தேய்ந்துவிட்டது. கொட்டகையைத் திறந்து, இருபதில் வைத்து, முதல்முறையாக நானே இயந்திரத்தின் முன் நின்றேன். இரண்டு ரப்பர்களைக் கெடுத்தேன். மூன்றாவது சரியாக வந்தது. இன்று இந்த மலரை உங்கள் ஒவ்வொருவரிடமும் நடந்து வந்து கொடுத்தேனே, அந்தக் காலணியைப் போட்டுக்கொண்டுதான் வந்தேன். இடுப்பு ஒன்றும் சொல்லவில்லை, அண்ணா.